பெயிண்ட் அறைக் கதவு

நம் பட்டறையின் பெயிண்ட் அறைக் கதவில், உள்பக்கமாக, கைப்பிடிக்குச் சற்று மேலே, திருகாணி ஓட்டைகள் சில இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். முகம் பார்க்கிற அளவுக்கு மேசையைப் பளபளவென்று ஆக்கி அனுப்புகிற இடத்தில் ஒரு கதவு ஓட்டையை அடைக்கத் துப்பில்லையா என்று ஒரு தங்கச்சி என்னிடமே கேட்டாள். துப்பெல்லாம் இருக்கிறது. அடைக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். காரணம் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று அன்றைக்குப் பேசாமல் போய்விட்டேன்.

இப்போது ஓய்வு பெற்றுப் பட்டர்வொர்த்தில் வீட்டோடு இருக்கிறேன். புதியவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று முதலாளி கேட்டார். எந்தக் கெர்த்தாஸ் பாசிரை, அதாவது உப்புத்தாளை, எடுத்து எப்படித் தேய்ப்பது, பாலிஷ் காம்பவுண்டை எவ்வளவு தடவுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதெல்லாம் கை பழகினால் தானாக வரும். நான் எழுதப்போவது அந்தக் கதவைப் பற்றி. முதலாளிக்குப் பிடிக்காமல் போனால் போகட்டும், அவரும் படிக்க வேண்டியதுதான்.

நான் பாலிஷ் பக்கம் இருந்தேன். அடித்துக் காய்ந்த பெயிண்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெஷினைப் பிடித்து, கண்ணாடி மாதிரி கொண்டுவருவது என் வேலை. எனக்கு முந்தின வேலை, அதாவது துப்பாக்கியைப் பிடித்துப் பெயிண்ட் அடிப்பது, அண்ணனுடையது. அண்ணன் என்று சொல்கிறேனே தவிர என்னைவிட இளையவர். பட்டறையே அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன், அவரோ என்னை அக்கா என்பார். உங்கள் இருவரில் யார்தான் மூத்தவர் என்று முதலாளி கேலி செய்வார்.

அவர் அடித்த பெயிண்டைப் போல இந்தப் பினாங்கில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். மழை வருகிற வேளையில் அடித்தால் கறுப்புப் பெயிண்ட் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போகும். அவர் வாசலில் நின்று முழங்கையைக் காற்றில் நீட்டிப் பார்ப்பார். "இப்ப வேணாம்" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். உள்ளே போகுமுன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். அது கட்டியிருந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, கதவுக்கு முன்னால் காலைத் தேய்த்து நடக்கவும் கூடாது. ஈரப் பெயிண்டில் ஒரு தூசி விழுந்தாலும் பளபளப்பில் அது கொசு மாதிரி தெரியும். கதவில் உள்தாழ்ப்பாளும் இருந்தது. ஆனால் அதை யாரும் போட்டதே இல்லை. சிவப்புத் துணி போதுமானதாக இருந்தது.

"என் மேசையில அக்காவுக்கு வேலையே இருக்காது" என்பது அவருடைய பெருமை. நான் தேய்க்க ஒன்றுமில்லாத அளவுக்குத் துப்பாக்கியிலிருந்தே வழவழப்பாக வர வேண்டும் என்பது அவர் ஆசை. பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது. சும்மா உட்கார வைத்து என் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள் என்று நான் சண்டை பிடிப்பேன்.

எனக்கு அவர் செய்த ஒரு உபகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் வெள்ளை நிறத்தில் சாமி அலமாரி ஒன்று செய்யச் சொல்லியிருந்தது. வீடு குடிபோகும் நாளுக்கு வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு மூலையில் மட்டும் இலேசாக மங்கல். இன்னும் ஒரே ஒரு தடவை மெஷினை ஓட்டினால் சரியாகிவிடும் என்று குனிந்தேன், மெஷின் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் சுவரில் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"போதும்கா."

"மங்கலா இருக்குண்ணே. அந்த வீட்டம்மா கண்ணுல விரல விட்டு ஆட்டும்."

"மங்கலா இருந்தா இருக்கட்டும்லா. இன்னும் ஒரு சுத்து சுத்துனீங்கன்னா அடிப்பூச்சு வெளிய வந்துரும். அப்புறம் மொத்தத்தையும் சொரண்டணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விளக்கை வைத்துக் குனிந்து பார்த்தேன். மூலை விளிம்பில் மயிரிழை அளவுக்குச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரி. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கை கேட்பது நம் தொழிலில் எல்லாருக்கும் உள்ள வியாதி, அக்கா, எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலையே என்று அன்று மத்தியானம் டீ குடிக்கும்போது சொன்னார். இதைச் சொன்ன மனிதர் அவர் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்து பட்டறையை மறுபடியும் திறந்த காலம் அது. ஊரே மூக்கை மூடிக்கொண்டு நடந்தது, யார் இருமினாலும் எல்லாரும் பத்தடி தள்ளி நின்றோம். அவர் சோதனை செய்து பார்த்தார், ஒன்றுமில்லை என்று வந்தது. சாயங்காலம் இருமுவார். வாரக் கடைசியில் அதிகமாகும். தீபாவளிக்கு நீண்ட விடுமுறை விட்டபோது ஒரு இருமல்கூட இல்லாமல் திரும்பி வந்தார், வந்து பெயிண்ட் அறைக்குள் நுழைந்த அன்றே மறுபடி தொடங்கியது. அதைப் பார்த்தபோதுதான் இது அந்த அறையின் வேலை என்று எனக்குப் புரிந்தது.

உள்ளே அவர் எப்படி அடிக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருபக்கமும் வட்ட டப்பா வைத்த ரப்பர் முகமூடி இருக்கிறதே, அதை ஆணியில் மாட்டியபடியே விட்டுவிடுவார். ஏன் என்றால், நம் ஊர் வெயிலில் அந்த ரப்பருக்குள் வியர்வை தேங்கும். அகலமான மேசைமேல் குனிந்து அடிக்கும்போது அது தாடை வழியாகச் சொட்டும். ஈரப் பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தால் முடிந்தது கதை. அதே போல, கடைசிப் பூச்சுக்குக் காற்றை இழுக்கிற விசிறியையும் அணைத்துவிடுவார். விசிறி ஓடினால் எங்கிருந்தாவது தூசியைக் கொண்டுவரும் என்பார். கதவு மூடி, விசிறி நின்று, முகமூடி இல்லாமல், கெட்டியாக்கும் மருந்து கலந்து அடிக்கிற அந்த டூ-கே பெயிண்டின் புகைக்குள் அவர் நிற்பார். ஒரு சொட்டு வியர்வைக்காக. நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதைச் சிரிக்காமல் புரிந்துகொள்கிறவர்கள் நம் தொழிலில் மட்டும்தான் இருப்பார்கள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெயிண்ட் அவர் உடம்புக்கு ஆகாமல் போய்விட்டது. இனி முகமூடி போட்டாலும் கொஞ்சம் உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும், வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூச்சுத் திணறினால் அடித்துக்கொள்ள நீல நிறத்தில் ஒரு பம்ப் கொடுத்தார்கள். முதலாளி நல்லவிதமாகத்தான் பேசினார். இனிமேல் நீங்கள் துப்பாக்கியைத் தொட வேண்டாம், பக்கத்தில் இருந்து பார்த்துச் சொன்னால் போதும், சம்பளம் அதேதான் என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். மற்றவர்கள் அடிப்பதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் வலது கை மட்டும் சட்டைப் பைக்குப் பக்கத்தில் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில்தான் அந்த மேசை வந்தது. பழைய கடைவீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். வரவேற்பு அறைக்கு நீளமான கறுப்பு மேசை, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். திறப்பு விழா நெருங்கிவிட்டது. புதிதாக எடுத்த ஆள் அடித்தார், ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. நான் தேய்த்து எடுத்தேன். மறுபடி அடித்தார், இந்தமுறை மழையில் வெளுத்துப் போனது. ஹோட்டல்காரர் வந்து போனின் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இதுதான் உங்கள் தரமா என்று கேட்டார். முதலாளிக்கு முகம் தொங்கிப் போயிற்று. அண்ணன் அன்று எம்.சி., மருத்துவ விடுப்பு, போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். முதலாளி அவரைப் போனில் கூப்பிட்டு, வந்து சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். ஒரு பார்வை என்றுதான் கேட்டார், அதை நான் காதால் கேட்டேன். ஆனால் அது பார்வையோடு நிற்காது என்று இருவருக்குமே தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணன் கெப்பாலா பத்தாசிலிருந்து மோட்டாரில் வந்தார். மேசையைச் சுற்றி வந்தார். வாசலில் போய் முழங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "வேணாம்ண்ணே. டாக்டர் என்னா சொன்னாரு?"

"ஒரே ஒரு கோட்டுதான்கா. காலையில பம்ப் அடிச்சிட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் ஆகாது."

"மொதலாளி, நீங்களாச்சும் சொல்லுங்க."

முதலாளி கூரையைப் பார்த்தார். அண்ணன் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டினார்.

நான் கதவை விட்டு நகரவில்லை. உள்ளே நடப்பது கண்ணில் தெரியாது, ஜன்னலில் அதற்குள் புகை படிந்துவிட்டது. ஆனால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராகச் சீறிக்கொண்டு போகும், முனையில் நிற்கும், திரும்பி வரும். ஒரு முறை போய்வருவதை ஒரு கை என்போம். ஒரு கை, ஒரு கை என்று நானும் மனதுக்குள் கூடவே போய்வந்தேன். நடுவில் ஒரு இருமல். பிறகு சத்தம் போயிற்று, வந்தது. பிறகு இன்னொரு இருமல், அடக்கிக்கொண்ட இருமல். விசிறிச் சத்தம் இல்லை, அணைத்துவிட்டிருந்தார்.

அப்புறம் சத்தம் நின்ற இடத்திலேயே நின்று சீற ஆரம்பித்தது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. எந்த முட்டாளும் துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டான், பெயிண்ட் வழிந்துவிடும். நான் கைப்பிடியைப் பிடித்தேன்.

"அக்கா, தொறக்காதீங்க" என்றார் முதலாளி. "கடைசி கோட்டு. அவரே வந்துருவாரு."

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது. துப்பாக்கி அடைத்துக்கொண்டு அவர் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். நான் திறந்தால் மேசை போச்சு, ஹோட்டல்காரர் போய்விடுவார், அண்ணன் முகத்தில் முழிக்க முடியாது. இத்தனையும் மனதில் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குப் பிறகு தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் ஓடியது. துணியை அவிழ்க்கக்கூட இல்லை. அப்படியே திருகித் தள்ளினேன்.

அண்ணன் முழங்கால் போட்டுத் தரையில் இருந்தார். இடது கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது கையைத் தலைக்குப் பின்னால் தூக்கித் துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். விரல் அதை விடவில்லை, கறுப்புப் பெயிண்ட் சுவர் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் மேசைமேல் ஒரு துளி விழக்கூடாது என்று திருப்பிப் பிடித்திருக்கிறார்.

இழுத்து வெளியே போட்டோம். பம்பை வாயில் வைத்து அடித்தோம். உதடு நீலம் பூத்திருந்தது. முதலாளியே காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் திரும்பி வந்து பார்த்தபோது அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது, மேசைமேல் தெருத் தூசி முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். நான் அன்று சந்தோஷப்பட்டேன். என் வாழ்நாளில் ஒரு காரியம் சரியான நேரத்தில் செய்தேன் என்று சாமிக்கு விளக்கேற்றினேன். மேசையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தூசி விழுந்த பெயிண்டைத் தேய்த்து எடுக்கத்தானே நான் இருக்கிறேன். காய விட்டு, தேய்த்து, மெஷின் போட்டேன். விளக்கின் பிம்பம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. ஹோட்டல்காரர் போனின் வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லவில்லை.

மேசையை ஏற்றுவதற்கு முன்னால் அண்ணன் பட்டறைக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனார். கன்னத்தை மேசைமேல் சாய்க்கிற மாதிரி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"கதவ ஏன்கா தொறந்தீங்க?"

"செத்துப் போயிருப்பீங்கண்ணே."

"இன்னும் ரெண்டு கைதான் பாக்கி இருந்திச்சி. முடிச்சிட்டு நானே வந்திருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப இது உங்க மேசை. என்னோடது இல்ல" என்றார்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலையே என்று எனக்குச் சொன்ன மனிதர் என் முன்னால் நின்று இரண்டு கைக்காகச் சண்டை பிடிக்கிறார். அவருக்கு அப்போது பிளக்கைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் பிடுங்கினேன், ஆனால் அது ஒரு தடவைக்குத்தான் உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி அதற்குப் பிறகு அவரை அறைப் பக்கமே விடவில்லை. கொஞ்ச நாளில் அண்ணன் நின்றுவிட்டார். கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். டாக்டர் சொன்னது அங்கே யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. நான் அவர் மனைவியிடம் போனில் சொன்னேன். "நான் சொல்லிக் கேட்டாத்தானேக்கா? காய்கறி வியாபாரம் பண்ணலாம், பாசார்ல ஒரு கடை எடுக்கலாம்னு எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்" என்று அழுதார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நானே போனேன்.

அண்ணன் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார், அவரே டீ கலக்கிக் கொடுத்தார். மெலிந்து போயிருந்தார், கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. நான் பேச்சை எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் படிப்பு, பாலத்து நெரிசல் என்று வேறெங்கோ போனார். கடைசியில் நான் வாய்விட்டே கேட்டேன்.

"அந்த வேலை வேணாம்ண்ணே. கையெடுத்துக் கும்புடுறேன்."

"பயப்படாதீங்கலா. நல்ல எடம்கா. யாரும் தொந்தரவு பண்றதில்ல."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதை எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிவதற்குள் அண்ணி போன் செய்தார். அண்ணன் போய்விட்டார். வேலை செய்கிற இடத்திலேயே, பெயிண்ட் அறைக்குள்ளேயே.

சாவு வீட்டில் அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு உலுக்கினார். "அங்க உள்ளவங்க சத்தம் கேட்டு ஓடி வந்தாங்களாம்கா. கதவத் தட்டித் தட்டிப் பாத்தாங்களாம். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்திச்சாம். உடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. அந்தத் தாழ்ப்பாளை அவரேதான் வாங்கிட்டுப் போயி மாட்டுனாராம். எதுக்குக்கா அவரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாரு?"

எனக்குத் தெரியும் எதுக்கு என்று. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிவப்புத் துணியை மதிக்காமல் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டாள், அதனால் போட்டார். அண்ணியிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கூட உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

இதில் என்ன பாடம் என்று முதலாளி கேட்பார். எனக்கு ஒரு பாடமும் கிடைக்கவில்லை. நான் கதவைத் திறந்தது சரி, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். நாளைக்கே அந்தச் சத்தம் நின்ற இடத்தில் நின்று சீறினால் நீங்களும் திறக்க வேண்டும், மேசை நாசமாய்ப் போகட்டும். ஆனால் திறந்துவிட்டோம், ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று என்னைப் போல விளக்கேற்றிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

சாவு வீட்டிலிருந்து வந்த மறுநாள் வேலைக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், நம் பெயிண்ட் அறைக் கதவிலிருந்து உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தேன். முதலாளி பார்த்தார். நீங்கள் பார்க்கிற ஓட்டைகள் அவைதான். அடைத்துப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

அந்தத் தாழ்ப்பாள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. சின்னதுதான், உள்ளங்கையில் அடங்கிவிடும். எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும்.